மூன்றாவது பேரிங்கும் மரச்சப்பாத்தும்

ராட்டர்டாம் பக்கத்து எங்கள் ஸ்லிக்கர்வேர் கரையில் தூனிஸ் வெர்ஹூஃப் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. செவிட்டுத் தூனிஸ் என்று கேளுங்கள், வாய்க்கால் வாத்துகூட வழிகாட்டும். அவர் என் அக்கா ப்ளூந்தியேயின் புருஷன், எனக்கு மச்சான். அவரைப் பற்றி எழுத வேறு யாராவது முன்வரட்டும் என்று பத்து வருஷம் பொறுத்துப் பார்த்தேன். எல்லாரும் கப்பலைப் பற்றியே எழுதுகிறார்கள். எத்தனை பீரங்கி, எத்தனை அங்குல இரும்பு, கொடி ஏற்றிய பிரபு யார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தக் கப்பல் உள்ளுக்குள் என்ன பேசியது என்று காலால் கேட்டுச் சொன்ன மனிதனுக்கு ஒரு வரி கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நானே எழுதுகிறேன். எழுதுகிறவன் யோக்கியன்தானா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

மச்சான் பிறவிச் செவிடர் இல்லை. பாய்லர் செவிடாக்கிய மனிதர். எங்கள் கப்பல் பட்டறையில், பாய்லருக்கு வெளியே இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் ரிவெட்டை அறைவார்கள். உள்ளே இருட்டில் குந்திக்கொண்டு, அந்த ரிவெட்டின் மறுமுனையை இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுத்துத் தாங்குவது அவர் வேலை. கோயில் மணிக்குள் உட்கார்ந்துகொண்டு மணியடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் காலை முதல் மாலை வரை. இருபத்தைந்து வயதில் பாதிக் காது போனது, முப்பதில் மீதியும் போனது.

பாதிக் காது போன சமயத்தில்தான் கல்யாணம். பாதிரியார், "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டதற்கு, எல்லாரும் தன் முகத்தையே பார்ப்பதைக் கண்டு மச்சான் கோயிலே அதிரச் சொன்ன பதில்: "அதெல்லாம் போன வாரமே முடிச்சாச்சு! சனிக்கிழமையே பட்டறைய விட்டுப் போயிருச்சு!" பாய்லரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"அன்னிக்கே எந்திரிச்சு ஓடியிருக்கணும் நான்" என்பாள் அக்கா, ஒவ்வொரு விருந்திலும். ஓடவில்லை. நான்கு பிள்ளைகள் பெற்றாள்.

காது போனவருக்குக் கால் திறந்தது எப்படி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு இழுவைப்படகின் இயந்திரத்தை முதல்முறை ஓட்டிப் பார்த்த அன்று, தற்செயலாக அந்த இரும்புத் தளத்தில் மரச்சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தவர், "பம்பு வால்வுல ஒரு சில்லு பேந்திருக்கு" என்று கத்தினார். எங்கள் மேஸ்திரி ஓஸ்ட்ரோம் சிரித்தார். பிரித்துப் பார்த்தால் நகத்தளவு சில்லு. மேஸ்திரியை நாங்கள் 'பாஸ்' என்போம். உலகமே இன்று அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அலட்டுகிறது, ஆனால் அது எங்கள் பட்டறைகளிலிருந்து போன சொல், நினைவிருக்கட்டும். அன்று முதல் பாஸ் ஓஸ்ட்ரோம், புதிய கப்பலின் ஒவ்வொரு வெள்ளோட்டத்துக்கும் மச்சானை இயந்திர அறையில் நிறுத்தினார். நான் அவருக்குக் காது. யார் என்ன சொன்னாலும் கைச்சாடையில் அவருக்குச் சொல்வது என் வேலை.

பட்டறைச் சத்தத்தில் நாங்கள் எல்லாருமே கையால்தான் பேசுவோம். ஆனால் மச்சான் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சாடைப் பெயர் வைத்திருந்தார். தாடியை இழுத்தால் பாஸ். எனக்கு வைத்தது, இடது முழங்கையிலிருந்து வலது உள்ளங்கை சர்ரென்று கீழே சறுக்குவது. கட்டைகளைத் தட்டி எடுக்கும் முன்பே மேடையிலிருந்து தண்ணீருக்குள் ஓடிவிட்ட கப்பல். எங்கள் ஊரில் அவசரக்காரனை அப்படித்தான் சொல்வது. நான் அவசரக்காரன் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டாம் வருஷம் கடற்படையிலிருந்து மூன்று நீராவிப் பீரங்கிப் படகுகள் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டறையே எகிறிக் குதித்தது! முதல் படகுக்குப் பெயர் ஸ்நூக். எங்கள் வாய்க்கால்களில் பல்லை இளித்துக்கொண்டு கிடக்குமே, அந்த மீனின் பெயர். குட்டைக் கப்பல், முன்மூக்கில் ஒரே ஒரு பெரிய பீரங்கி, பின்னால் தண்ணீரைத் தள்ள இரண்டு சுழலி, அவற்றைச் சுற்ற இரண்டு இயந்திரம். அது மேடையிலிருந்து இறங்கிய அன்று ஊரில் பட்டாணிச் சூப் கொதிக்காத வீடு இல்லை.

கூடவே கடற்படை சார்பில் மேற்பார்வைக்கு ஒரு இளம் பொறியாளர் வந்தார். மெனேர் க்ரேமர். மெனேர் என்றால் எங்கள் பேச்சில் ஐயா. கெட்டவர் இல்லை. ஆனால் புத்தகத்தில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று நம்புகிறவர். வந்த இரண்டாம் நாளே மச்சானின் முதுகுக்குப் பின்னால் நின்று பேசிப் பார்த்தார், கைதட்டிப் பார்த்தார், பிறகு பாஸிடம் போனார்.

"இவருக்குக் காது கேக்காதா?"

"கேக்காது, மெனேர். அதனால என்ன? கால் கேக்குமே!"

"இயந்திர அறையில உத்தரவு மணியில வருது. மணி கேக்காத ஆளு அங்க நின்னா ஆபத்து. போர்க்கப்பல்ல இது நடக்காது."

"ஒரே ஒரு வெள்ளோட்டம் பாருங்க. அப்புறம் நீங்க சொல்றதுதான்."

க்ரேமர் பைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல மச்சானைப் பார்த்தார். "சரி. ஸ்நூக் வெள்ளோட்டம். அன்னிக்கு இவரால ஒரு பிரயோஜனம் இருக்குன்னு எனக்குக் காட்டணும். இல்லேன்னா இனி கடற்படைக் கப்பல் எதுலயும் கால் வைக்கக் கூடாது."

அந்த வருஷம் எங்கள் பட்டறையில் கடற்படைக் கப்பலைத் தவிர வேறு கப்பலே இல்லை. கால் வைக்கக் கூடாது என்றால் வீட்டுக்குப் போ என்றுதான் அர்த்தம். காது போன ஆளை வேறு எந்தப் பட்டறை எடுக்கும்? இதை மச்சானுக்குச் சாடையில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ரை ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த மனிதருக்குப் பயம் என்ற சாடையே தெரியாதோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளோட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பெயிண்ட் ஆட்கள் இயந்திர அறையின் கூரையைச் சுரண்டினார்கள். தூசி விழும் என்று நாங்கள் பேரிங்குகளின் எண்ணெய்த் துளைகளைக் கந்தலால் அடைத்தோம். இதற்கு எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. துளையை அடைத்தவன் அந்த மூடியில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போடவேண்டும். வேலை முடிந்ததும் அவனே கந்தலை உருவிவிட்டு, அதற்குப் பிறகு வட்டத்தை அழிக்கவேண்டும். முதலில் கந்தல், பிறகு வட்டம். வட்டம் இல்லாத மூடியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கந்தலை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவோம். என்னுடையது என் பெண்டாட்டி நேல்தியேயின் பழைய ஏப்ரனைக் கிழித்த நீலக் கட்டம். பட்டறையில் அதைக் கிண்டல் செய்யாதவன் கிடையாது.

வெள்ளோட்டத்துக்கு முந்தைய நாள் எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. மச்சான் கந்தல்கோலத்தில் நின்றால் க்ரேமருக்கு எப்படிப் பிடிக்கும்? என் கல்யாணத்துத் தோல் சப்பாத்தை மெழுகு தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இது எதுக்குடா?" என்றாள் அக்கா.

"மச்சானுக்கு. நாளைக்கு மரச்சப்பாத்தோட போய் டக்கு டக்குன்னு நடந்தா மானம் போகும்."

"அவருக்கு அதுலதான்டா கேக்குது!"

"அட, கால்லதான கேக்குது? கால் உள்ளதான இருக்கு! நீ சும்மா இரு அக்கா, பெரிய மனுஷங்க கண்ணுல முதல்ல படுறது காலுதான்."

"நீ ஒரு நாளாவது யோசிச்சுட்டுப் பேசியிருக்கியாடா?" என்று முறைத்தாள். மச்சான் இருவரையும் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார். என் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்திருக்கவேண்டும். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை படகு புறப்படும்போது அக்கா கரைக்கு ஓடிவந்து ஒரு சாக்குமூட்டையை என் கையில் திணித்தாள். "ரொட்டி" என்றாள். கனத்தைப் பார்த்தால் ரொட்டி மாதிரி இல்லை. அவிழ்த்துப் பார்த்தேன். ரொட்டிக்கு அடியில் மரச்சப்பாத்து! யாரும் பார்க்கும் முன் நிலக்கரிக்குள் தள்ளி மறைத்தேன்.

ஆஹா, அந்தப் பயணம்! அக்டோபர் வெயில், தென்மேற்குக் காற்று, மாஸ் ஆறு முழுக்க வெள்ளி. ராட்டர்டாம் கரையில் தொப்பிகளை வீசினார்கள், பெண்கள் கைக்குட்டையை ஆட்டினார்கள். மேல்தளத்தில் கடற்படைக் குழுவின் நான்கு பெரிய மனிதர்கள் கடிகாரத்தோடு நின்றார்கள். கீழே நாங்கள், நெருப்பு, எண்ணெய் வாடை, ஏறி இறங்கும் பிஸ்டன்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இரும்பு முதல்முறையாக மூச்சுவிடுகிற நேரம் என் மயிர் சிலிர்க்கும். க்ரேமர் மணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கீடாம் தாண்டியதும் மணி அடித்தது. முழு வேகம்! மாஸ்லைஸ் பக்கம் கரையில் இரண்டு கம்பங்கள் நட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே மணிக்கு எட்டுக் கடல்மைல் வேகத்தில் ஓடிக்காட்டவேண்டும். தளம் அதிர்ந்தது, என் பல் கிடுகிடுத்தது. மச்சானைப் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது.

காலை மாற்றி மாற்றி ஊன்றினார். குதிகாலால் தட்டினார். என்னைப் பார்த்து ஒரு கையைத் தொங்கவிட்டு ஆட்டினார். செத்துப்போச்சு என்று சாடை.

"டேய், கால் செத்துப்போச்சுடா!" என்று வாய்விட்டும் சொல்லிவிட்டார். அவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அறை முழுக்கக் கேட்டது.

க்ரேமர் நிமிர்ந்தார். "என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்ல மெனேர், கால் மரத்துப்போச்சாம். வெயில்ல நின்னது" என்றேன். அக்டோபர் வெயில்! எனக்கே அசிங்கமாக இருந்தது. மச்சானுக்குச் சாடை காட்டினேன்: 'கழட்டாதே. பார்த்துக்கிட்டிருக்கார். அப்படியே நில்.'

மச்சான் என் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் உதறினார். என் கல்யாணச் சப்பாத்தில் ஒன்று கரியில் விழுந்தது, மற்றது எண்ணெய்த் தேக்கத்தில். "எங்கடா என்னுது? ப்ளூந்தியே அனுப்பாம இருந்திருக்க மாட்டா!"

கட்டின பெண்டாட்டியை அவ்வளவு தெரிந்துவைத்திருந்தார். நான் கரிக்குள் கையைவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

மரச்சப்பாத்தை மாட்டியதும் முகம் மாறியது பாருங்கள்! தூங்கி எழுந்தவர் மாதிரி. வலது இயந்திரத்தின் ஓரமாக நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, தலையாட்டினார். இடது பக்கம் வந்தார். முதல் பேரிங், பரவாயில்லை. இரண்டாவது, பரவாயில்லை. மூன்றாவதுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு காலைத் தூக்கிவிட்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"நிறுத்துடா!"

வேகம் அளக்கும் ஓட்டத்தின் நட்டநடுவில், தலைக்கு மேலே பெரிய மனிதர்கள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது!

"நிறுத்துடா லேந்தர்ட்! இடது பக்கம்!"

நான் யோசிக்கவில்லை. என் வாழ்நாளில் என் அவசரம் உதவிய ஒரே தருணம் அது. வால்வைப் பாய்ந்து மூடினேன். இடது சுழலி நின்றது, வலது மட்டும் ஓடியது, படகு கிறுக்குப் பிடித்த மாடு போல ஒரு பக்கம் திரும்பியது. மேலே தடதடவென்று விழுகிற சத்தம். யாருடைய தொப்பியோ ஆற்றோடு போனது என்று பிறகு சொன்னார்கள்.

மச்சான் அதற்குள் கம்பிக்கொக்கியை எண்ணெய்த் துளைக்குள் விட்டு எதையோ இழுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். மறு கையால் எண்ணெயை மளமளவென்று ஊற்றினார். "இப்போ ஓட்டலாம்."

க்ரேமர் வந்து பேரிங் மூடியில் கை வைத்தார். "வெதுவெதுன்னு இருக்கு. எல்லா பேரிங்கும்தான் வெதுவெதுன்னு இருக்கு." நெருப்புப் போடுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா?" கேட்கவில்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். "எனக்கும் கேக்கல. ஒண்ணுமில்லாததுக்கு ஓட்டத்தைக் கெடுத்தாச்சு."

கொடுமையைப் பாருங்கள். மச்சான் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டதால் கண்டுபிடித்ததற்கு அத்தாட்சியே இல்லை. கால் மணி நேரம் தாமதமாகச் சொல்லியிருந்தால் புகையே சாட்சி சொல்லியிருக்கும்.

"துளையில என்ன இருந்துதுன்னு கேளு" என்றார் க்ரேமர் என்னிடம். நான் சாடை காட்டினேன்.

"அழுக்கு, மெனேர்!" என்று மச்சான் கத்தினார்.

"காட்டச் சொல்லு."

மச்சானின் கை மூடியே இருந்தது. "அழுக்குல என்ன இருக்கு பாக்க? போட்டுட்டேன்."

"கையில வச்சிருக்கான். காட்டலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதான் எழுதுவேன். இதோட சரி. கரைக்குப் போனதும் கணக்குத் தீர்த்து அனுப்பச் சொல்லிடறேன்."

நான் இதையும் சாடையில் சொன்னேன். மச்சான் க்ரேமரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கணம். அப்போதுதான் அந்த விரல் இடுக்கில் ஒரு நூல் தொங்குவதைக் கண்டேன். எண்ணெயில் கறுத்த நூல். நுனி மட்டும் நீலம்.

இடது இயந்திரம், மூன்றாவது பேரிங். அடைத்தவன் நான். மூன்று நாள் முன்னால் மத்தியான மணி அடிக்கிற நேரம், கையில் ஈரத்துணி இருந்ததே என்று ஒரே வீச்சில் எல்லா வட்டத்தையும் முதலில் அழித்துவிட்டு, பிறகு கந்தல்களை உருவினேன். ஒன்று, இரண்டு என்று உருவும்போது சூப் வாசனை வந்தது. ஓடிவிட்டேன்.

மச்சானுக்கு அது என்னுடையது என்று தெரியும். கையைத் திறந்தால் அவர் வேலை தப்பும், என் வேலை போகும். நான்கு பிள்ளைகளின் தகப்பன் கையை மூடிக்கொண்டு நிற்கிறார். நானோ சாடை காட்டிக்கொண்டு நிற்கிறேன்! அவருக்குக் காது நான், வாயும் நான் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன். அந்த வாய் அப்போது பசையிட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

க்ரேமர் படியில் கால் வைத்துவிட்டார்.

"மெனேர்!" என்றேன். "அவர் கையில இருக்கிறது என்னோடது."

திரும்பினார்.

"கந்தல். என் பொண்டாட்டி ஏப்ரன். துளையில வச்சு மறந்தவன் நான். மூணு நாளா உள்ள கிடந்திருக்கு, எண்ணெய் இறங்கவே இல்ல."

"வட்டம் போடலையா?"

"போட்டேன். கந்தலை எடுக்கறதுக்கு முன்னாடியே அழிச்சுட்டேன். சூப்புக்கு மணி அடிச்சுது, மெனேர்."

ஒருவன் சிரித்துவிட்டு உடனே இருமினான். க்ரேமர் மச்சானின் எதிரில் போய் நின்று கையை நீட்டினார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மூடிய கை திறந்தது. கறுப்புப் பிண்டமாக ஒரு கந்தல், ஓரத்தில் இரண்டு நீலக் கட்டம்.

க்ரேமர் அதை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். "நிறுத்தாம ஓட்டியிருந்தா?" என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

"கால் மணி நேரம்!" என்றார் மச்சான். "அப்புறம் உள்ள இருக்கிற வெள்ளீயம் உருகும். ஷாஃப்ட்டு கவ்விக்கும். கடலுக்குள்ள போயிருந்தா நாம கரைக்கு நீந்திதான் வரணும், மெனேர். எனக்கு நீச்சல் தெரியாது!"

பிறகு நடந்ததை நான் சொன்னால் ஊரில் இன்றும் பாதிப் பேர் நம்புவதில்லை. மெனேர் க்ரேமர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். தன் பளபளக்கும் பூட்ஸைக் கழற்றினார். காலுறையோடு நின்று, மச்சானின் மரச்சப்பாத்தைக் காட்டிக் கையை நீட்டினார்.

"ஓட்டுங்க" என்றார்.

வால்வைத் திறந்தேன். படகு மறுபடி கம்பங்களை நோக்கி ஓடியது, முழு வேகம், புகைபோக்கி கர்ஜித்தது! கடற்படைப் பொறியாளர் இரண்டு அளவு பெரிய மரச்சப்பாத்தில், கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது பேரிங்குக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றார். பக்கத்தில் வெறுங்காலோடு மச்சான், சூடு தாங்காமல் மாற்றி மாற்றிக் குதித்தபடி.

"ஏதோ இருக்கு... குறுகுறுன்னு" என்றார் க்ரேமர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "அவரைக் கேளு. இப்போ அது என்ன சொல்லுதுன்னு கேளு."

மச்சான் சிரித்தார். "ஒண்ணும் சொல்லல மெனேர். சும்மா பாடிக்கிட்டிருக்கு. சப்பாத்தைக் குடுங்க, கால் வேகுது!"

எட்டே கால் கடல்மைல்! மேலே தொப்பி இல்லாத பிரபுகூடக் கைதட்டினாராம்.

க்ரேமர் அன்று எழுதிய குறிப்பின் நகலை பாஸ் ஓஸ்ட்ரோம் பட்டறைக் கதவில் ஆணியடித்து மாட்டினார். தூனிஸ் வெர்ஹூஃப் எல்லா வெள்ளோட்டங்களிலும் இயந்திர அறையில் இருக்கவேண்டும். மணிக்குப் பக்கத்தில் அவருக்காக ஓர் ஆள் நிற்கவேண்டும். மரச்சப்பாத்துக்குத் தடையில்லை. மச்சானிடம் நேரில் அதைச் சொன்னபோது க்ரேமர் 'நீங்க' என்றார். சாடையில் அந்த மரியாதையை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் நான் என் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன்.

மணிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த ஆள் நான் இல்லை. எனக்கு ஆறு மாதம் கரிக்குவியல். நியாயம்தான். விரட்டாமல் விட்டதே பெரிது. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் சூப்பைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள். "குடி. மணி அடிச்சாச்சு" என்றாள்.

திங்கட்கிழமை காலை கரி அள்ளிக்கொண்டிருந்தேன். பட்டறைக்குள் சம்மட்டிச் சத்தம் காதைப் பிளந்தது. மச்சான் டக்கு டக்கென்று நடந்துபோனவர் நின்று, தூரத்திலிருந்து என்னைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். வழக்கமான சறுக்கல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூடிய கையை நெஞ்சுக்கு நேரே பிடித்து, மெதுவாகத் திறந்தார்.

பக்கத்திலிருந்தவன், "இது யாரைச் சொல்றாரு?" என்று கேட்டான்.

"என்னைத்தான்" என்றேன். கரியைக் கீழே போட்டுவிட்டு, என் கையையும் மூடித் திறந்து காட்டினேன். இன்றுவரை இந்தப் பட்டறையில் என் பெயர் அதுதான்.